கண் மூடிய தெருவுக்குக் காவல்

ஊசியக்காவுக்கு அந்தப் பெயர் தையல் தொழிலால் வந்தது என்று அசலூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாவம், அவர்கள் அவளிடம் வாயைக் கொடுத்ததில்லை. அளவு கொடுக்க வந்து நிற்கிற பெண்ணிடம், "போன வருஷம் ஒரு இடுப்பு இருந்துச்சே, அது எங்கம்மா?" என்று கூச்சமில்லாமல் கேட்கிற நாக்கு அது. கேட்டுவிட்டு, பின்னால் பிரித்துக்கொள்ள வசதியாக இரண்டு விரல் துணியைத் தையலுக்குள் யாருக்கும் தெரியாமல் மடக்கியும் விடுவாள். அதனால் திட்டு வாங்கியவர்கள்கூட வேறு டெய்லரைத் தேடிப் போனதில்லை.

பெயரை வைத்தது அவளுடைய அண்ணன், முடிவெட்டுகிறவர். அப்பா போனபோது இவள் சின்னப் பெண். அண்ணன் தன் கடையை நடுவில் பலகை அடித்துத் தடுத்து, ஒரு பாதியில் தையல் மெஷினைப் போட்டு, "உக்காரு, கத்துக்க" என்றார். கல்யாணமாகிப் போனாள். கட்டியவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்து அதே மெஷினில் உட்கார்ந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் கத்தரிச் சத்தம், இந்தப் பக்கம் மெஷின் சத்தம், இரண்டுக்கும் மேலே அண்ணன் தங்கை சண்டை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காலையில் ஆரம்பித்துவிடுவார்கள். முடிவெட்டிக்கொள்ள வந்தவர்கள், வேலை முடிந்தும் எழுந்திருக்க மாட்டார்கள். அவள் சொன்னதற்கு இவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அந்தத் தெருவை அகலப்படுத்துகிறோம் என்று ஒருநாள் இடித்துவிட்டார்கள். கடைக்காரர்களில் பெரும்பாலோர் அதற்குள் வேலையை விடுகிற வயதுக்கு வந்திருந்தார்கள். ஆனாலும் நாற்காலியையும் கண்ணாடியையும் தராசையும் காயலான் கடைக்குத் தூக்கிப் போட ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஊர்க்கோடியில் பூட்டிக் கிடந்த பஞ்சுக் கிடங்கைக் கேட்டு வாங்கி, தெருவை அதற்குள் அப்படியே அடுக்கினார்கள். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் கடைகள். தபாலாபீஸ், போட்டோ ஸ்டூடியோ, கிளினிக், மளிகை, முடிவெட்டும் கடை, அதை ஒட்டி அதே பழைய பலகை, பலகையை ஒட்டித் தையல் கடை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கண்ணாடித் தடுப்பு, ஓரத்தில் உள்ளே போக ஒரு சின்ன மரக் கதவு. தெரு மியூசியம் என்று பெயர் வைத்தார்கள். சம்பளம் யாருக்கும் கிடையாது. டீ வேண்டுமென்றால் அவரவர் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவர வேண்டும்.

கடை என்றால் கடைக்காரர் வேண்டுமே. துணிக்கடைப் பொம்மைகளை வாங்கி நிறுத்தினார்கள். உடம்பு பொம்மை உடம்பு, முகம் மட்டும் சொந்த முகம். பல்செட் கட்டுகிறவர்தான் கமிட்டிக்குத் தலைவர். அவர் ஒவ்வொருவரையும் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கில் குழாய் செருகி, முகத்தில் மாவை அப்பி அச்செடுத்து வார்த்தார். அச்செடுக்கும்போது கண்ணைத் திறந்திருக்க முடியாது என்பது அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வார்த்து, வண்ணம் பூசி, நிறுத்திப் பார்த்தால் தெருவே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. தபால்காரர் கண்ணை மூடியபடி கடிதம் பிரிக்கிறார். போட்டோக்காரர் கண்ணை மூடியபடி படம் எடுக்கிறார். அண்ணன் கண்ணை மூடியபடி கையில் சீப்போடு நிற்கிறார். முன்னால் வாடிக்கையாளர் நாற்காலி எப்போதும் காலி. வந்தவர்கள் அதில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்வார்கள், சிரித்துக்கொண்டே உட்கார்ந்து கொஞ்சம் சீக்கிரமாகவே எழுந்துவிடுவார்கள்.

துணிகளைப் பூச்சி அரிக்காமலும் பூஞ்சை பிடிக்காமலும் பார்த்துக்கொள்வது ஊசியக்காவின் பொறுப்பு. மெஷின் முன்னால் அவளும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தன் மூக்கின் மேல் இருக்கிற தூசியைத் தானே பிரஷ்ஷால் தட்டிவிட்டு, "தூங்குடி, தூங்கு. கொடுத்து வச்சவ" என்பாள்.

அப்புறம்தான் காய்ச்சல் வந்தது.

வந்த வேகத்தில் பள்ளிக்கூடம், கடை, பஸ் எல்லாம் நின்றுபோயின. தெருவில் ஈ காக்கா இல்லை. இருமல் சத்தம் கேட்டால் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. ஆட்கள் வெளியே வராத ஊரில் திருடர்களுக்கு நல்ல காலம். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் குழாய்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பட்டறையில் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போனார்கள். மியூசியத்தில் பித்தளைத் தராசு, எடைக்கல், இஸ்திரிப்பெட்டி என்று திருடனுக்குப் பிடித்தமான சாமான் நிறைய. காவலுக்கு ஆள் வைக்க வசதியில்லை. ஒரே சமயத்தில் இரண்டு பேர் உள்ளே இருக்கவும் கூடாது என்று உத்தரவு.

யோசனை சொன்னவர் தபால்காரர். "பொம்மைக்கெல்லாம் சக்கரம் இருக்குல்ல? தினமும் ரெண்டு மூணு பேரை முன்பக்க ஜன்னல்கிட்ட தள்ளிட்டுப்போய் நிறுத்துவோம். நேத்து நின்னவன் இன்னைக்கு உக்காந்திருந்தா, உள்ள ஆள் நடமாட்டம் இருக்குன்னு வெளியில இருக்கறவன் நினைச்சுப்பான்." பல்செட்காரர் போனில் சரி என்றார். ஊசியக்கா ஊருக்கெல்லாம் மாஸ்க் தைத்த மிச்சத் துணியில் பொம்மைகளுக்கும் ஆளுக்கொன்று தைத்துக் கட்டினாள். ஒருநாள் அவள் வருவாள், மறுநாள் தபால்காரர். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு, இந்தக் காய்ச்சல் இழுப்புக்காரர்களை எமனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே கூடாது என்று ஏற்பாடு.

தபால்காரர் கிண்டலுக்கென்றே பிறந்தவர். இரண்டாவது தடவை அவள் ஷட்டரைத் தூக்கியபோதே, அவளுடைய பொம்மை வாசலுக்கு நேரே நின்று கையைத் தூக்கி வாங்க வாங்க என்றது. அவளுக்கு உயிர் ஒரு தரம் போய்விட்டு வந்தது. "இருக்குடா உனக்கு" என்று, தபால்காரரின் பொம்மையைக் கிளினிக் கட்டிலில் படுக்கவைத்து, அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டுப் போனாள். அவர் அதற்கு ஒன்று செய்தார். இவள் அதற்கு ஒன்று. போனில் பேசும்போது மட்டும் இரண்டு பேரும் இதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். கேட்டால் தோற்றுப்போனதாக அர்த்தம். வீம்பில் இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்.

அந்த விளையாட்டு சூடு பிடித்திருந்த நேரத்தில்தான் அண்ணன் மகன் போன் பண்ணினான்.

"அத்தை, அப்பா அங்க வந்தாரா?"

"இங்க எதுக்குடா வராரு? ஏன், வீட்ல இல்லையா?"

"ராத்திரி இருமிக்கிட்டே இருந்தாரு. காலையில பார்த்தா படுக்கையில ஆளைக் காணோம். போனைக்கூட வச்சுட்டுப் போயிட்டாரு. கைக்குழந்தை இருக்கற வீடுன்னு நேத்தெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே இருந்தாரு அத்தை."

பேரன் பிறந்து இன்னும் கழுத்து நிற்கவில்லை. அந்த மனிதர் ஏன் கிளம்பினார் என்று ஊசியக்காவுக்கு விளங்கியது, எங்கே போனார் என்றுதான் தெரியவில்லை. மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டுக் காய்ச்சல்காரர்களை அடைத்திருந்தார்கள். அங்கே போன் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். "உயரமா இருப்பாருங்க, மூக்கு லேசா கோணலா இருக்கும்" என்று அடையாளம் சொன்னாள். "இங்க எல்லாரும் வயசானவங்கதாம்மா. எல்லாரும் மூஞ்சியை மூடியிருக்காங்க. நாங்க மூக்கை எங்க பார்க்கறது?" என்றார்கள். தபால்காரரும் தனக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டார். அவருக்குத் தெரியாத வீடு ஊரில் கிடையாது. யாரும் பார்க்கவில்லை.

தினமும் அழுதாள். ஆனாலும் தன் முறை வந்தால் மியூசியத்துக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

விளையாட்டை அவள் விட்டுவிட்டாள். விளையாட்டு அவளை விடவில்லை.

கிளினிக் கட்டிலின் விரிப்பை அவள்தான் இழுத்து, மூலை மடித்து, சுருக்கமில்லாமல் செருகியிருந்தாள். இப்போது வந்து பார்த்தால் தலையணையில் குழி. விரிப்பு ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. போட்டோ ஸ்டூடியோவில் கேமரா மேல் போட்டிருந்த கறுப்புத் துணியைக் காணவில்லை. அடுத்த முறை வந்தபோது இருந்தது, ஆனால் அவள் மடிக்கிற விதத்தில் இல்லை. பின்கட்டில் குழாய் சொட்டுப் போட்டுக்கொண்டிருந்தது, கீழே தரை ஈரமாக இருந்தது.

மனுஷன் மாறவே மாட்டாரா என்று பல்லைக் கடித்தாள். தூங்குகிற மாதிரி வேஷம் கட்டி அவளைப் பயமுறுத்தப் பார்க்கிறார். அண்ணனைக் காணோம் என்று ஊருக்கே தெரியும், கூடச் சேர்ந்து தேடுகிறவரே அவர்தான், அப்படியும் இந்தப் புத்தி. போன் பண்ணி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று எண்ணைத் தேடுவாள். கேட்டால் பயந்துவிட்டாள் என்று சிரிப்பார். வேண்டாம், போகட்டும் என்று வைத்துவிடுவாள்.

அப்புறம் தன் பொம்மையைப் பார்த்தாள். அதற்கு மாஸ்க்கை அவள் தளர்வாகத்தான் கட்டியிருந்தாள், மூக்குக்குக் கீழே தொங்கும். இப்போது அது மூக்குக்கு மேல் ஏற்றி, பின்னால் இறுக்கி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. தோளில் கிடந்த அளவு நாடாவையும் யாரோ நேராக்கியிருந்தார்கள். யாரோ அவ்வளவு பக்கத்தில் நின்று, அவ்வளவு பொறுமையாக அவளைச் சரிசெய்திருக்கிறார்கள். ஊசியக்கா தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள். அன்றைக்குச் சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

முடிவெட்டும் கடைக்குள் மட்டும் அவள் போவதில்லை. போனால் அந்த முகத்தைத் தொட்டுத் துடைக்க வேண்டும், அது அவளால் ஆகாது. கண்ணாடிக்கு வெளியே நடைபாதையில் நின்று, சீப்போடு நிற்கிற அண்ணனைப் பார்த்துத் திட்டுவாள். நின்றபடி ஆரம்பித்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்குகிற வரைக்கும் திட்டுவாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச? பெத்த பிள்ளைகிட்ட சொல்லல, சரி. கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கான்னு நினைப்பு வேணாம்? சின்ன வயசுலயே நீ இப்படித்தான். கால்ல ஆணி குத்தினாக்கூட சொல்லாம நொண்டிக்கிட்டுத் திரிவ. பெரிய தியாகி! வந்து சேரு, அப்புறம் இருக்கு உனக்கு."

ஒருநாள் திட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி மங்கலாக இருப்பதைப் பார்த்தாள். கையால் துடைத்தாள், போகவில்லை. உள்பக்கத்தில், சின்னக் கதவை ஒட்டின ஓரத்தில், பனி படர்ந்த மாதிரி ஒரு வட்டம். உட்கார்ந்திருக்கிற ஆளின் முகத்து உயரத்தில், ஒரு கை அகலத்துக்கு. ஈரம் ஏறிவிட்டது, துணிக்குப் பூஞ்சை வரப்போகிறது என்று பயந்தாள். அடுத்த முறை ஜன்னலைத் திறந்து காற்று விடவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் பெரிதான மாதிரி இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த முறை வந்தபோது மேகம் போட்டிருந்தது. ஷட்டரைப் பாதிதான் தூக்கினாள், நடைபாதையில் பாதி தூரத்துக்குத்தான் வெளிச்சம் வந்தது. முடிவெட்டும் கடை முன்னால் வந்து முக்காலியை இழுத்தவள் அப்படியே நின்றாள்.

வாடிக்கையாளர் நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தது.

நாற்காலி பின்னால் சாய்ந்திருந்தது. கழுத்திலிருந்து கால் வரை முடிவெட்டும்போது போர்த்துகிற வெள்ளைத் துணி. முகத்தில் மாஸ்க், அதே துணி, அவள் தைத்தது. கண்ணுக்கும் நெற்றிக்கும் மேலே சின்னத் துண்டு. தலைமாட்டில் அண்ணன் பொம்மை மாஸ்க் இல்லாமல், சீப்போடு கண்ணை மூடி நின்றது. சவரத்துக்குத் தயாராக ஒருவர் படுத்திருக்கிற காட்சி, அசலாக இருந்தது.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அண்ணன் கடையிலேயே கை வைத்துவிட்டாரே! வீம்பு எல்லாம் போன இடம் தெரியவில்லை. அங்கேயே நின்று தபால்காரருக்குப் போன் போட்டாள்.

"யோவ், உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"யாரு, அக்காவா? என்னாச்சு? ஏதாவது தகவல் கெடைச்சுதா?"

"தகவலா? எங்கண்ணன் உசுரோட இருக்காரா இல்லையான்னு தெரியாம நான் செத்துக்கிட்டு இருக்கேன். நீ அவரு நாற்காலியில பொம்மையைப் படுக்கவச்சு வேடிக்கை காட்டறியா? கிளினிக் படுக்கையைக் கலைக்கறதும், துணியை எடுக்கறதும், என் மூஞ்சியில மாஸ்க்கை இறுக்கறதும், வெக்கமா இல்ல?"



"அக்கா, அதெல்லாம் நீங்க பண்றீங்கன்னுல்ல நான் நினைச்சேன்" என்றார் தபால்காரர். குரலில் கிண்டல் இல்லை. "இந்த நிலைமையிலயும் அக்கா விளையாடறாங்களே, மனசுக்கு மாறுதலா இருக்கட்டும்னு நான் ஒண்ணும் கேக்கல. நேத்து அந்த நாற்காலியைப் பார்த்துட்டு எனக்கே நெஞ்சு அடைச்சிருச்சு. சத்தியமா நான் தொடலக்கா."

"அப்ப யாரு?"

"எந்தப் பொம்மையை எடுத்துப் படுக்கவச்சிருக்குன்னு பாருங்க."

அவள் திரும்பினாள். போன் காதில் இருக்க, நடைபாதையில் ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு போனாள். தபால்காரர் தபாலாபீசில் இருந்தார். போட்டோக்காரர் கேமரா பக்கத்தில். மளிகைக்காரரும் கிளினிக் கம்பவுண்டரும் முன் ஜன்னலில், தெருவைப் பார்த்தபடி. பலகைக்கு இந்தப் பக்கம் அவளே மெஷின் முன்னால். எல்லாரும் கண்ணை மூடி இருந்தார்கள். ஒருவரும் குறையவில்லை.

"எல்லாம் இருக்கு" என்றாள்.

"அக்கா, வெளிய வந்துடுங்க. அக்கா? கேக்குதா? வெளிய வாங்க!"

அவள் வெளியே போகவில்லை. திரும்பி வந்து கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். மாஸ்க்குக்கும் வெள்ளைத் துணிக்கும் நடுவில் கழுத்து கொஞ்சம் தெரிந்தது. அங்கே வெள்ளையாக, முள் முள்ளாக, தாடி வளர்ந்திருந்தது.

பொம்மைக்குத் தாடி வளராது.

"அண்ணா" என்றாள்.

துணி அசைந்தது. அதற்கடியிலிருந்து ஒரு கை மெதுவாக வந்து, துண்டைக் கண்ணிலிருந்து விலக்கியது.

"கத்தாத ஊசி. உனக்கு மூச்சு வாங்கும்."

அவள் சின்னக் கதவுக்குப் பாய்ந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள்.

"தொடாத!" அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ரொம்ப நேரம் இருமினார். "உள்ள வந்தீன்னா இத்தனை நாள் நான் இப்படிக் கட்டையா கெடந்ததுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். உனக்கு இழுப்பு. வந்தா நீ தாங்க மாட்ட. தள்ளி நில்லு."

"இத்தனை நாளா இங்கயா இருந்த?"

"வேற எங்க போறது? வீட்ல பச்சக் கொழந்த. கொட்டகையில போய் தகரத்துக்குக் கீழ கெடக்க எனக்குப் புடிக்கல. பின்கதவைத் தூக்கித் தள்ளினா தொறந்துக்கும்னுதான் நமக்கெல்லாம் தெரியுமே. நம்ம கடை இருக்கு, படுத்து எந்திரிச்சா சரியாயிடும்னு வந்தேன். சரியாகல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நீ தள்ளி நிப்பியா?"

ஊசியக்கா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"ஷட்டர் சத்தம் கேட்டா பொம்மைங்க நடுவுல போய் நின்னுக்குவேன். அப்புறம் நிக்க முடியல, இந்தச் சின்னக் கதவுக்குப் பின்னால கண்ணாடியை ஒட்டி மறைஞ்சு உக்காந்துக்கிட்டேன்" என்றார். "தபால்காரரு ரெண்டு தரம் என்னை உரசிக்கிட்டே போனாரு. பாவம், பயந்த மனுஷன், இந்தப் பக்கம் நிமிர்ந்தே பார்க்கல. மூச்சை அடக்கிக்கிட்டேன்." பேச்சு விட்டு விட்டு வந்தது. "உன் பொம்மைக்கு மாஸ்க்கு மூக்குக்குக் கீழ கெடந்துச்சு. பார்க்கறவங்க அதைத்தானே கத்துக்குவாங்க. தூக்கிக் கட்டினேன்."

அவள் அழுதுகொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். அண்ணன் மகனுக்குச் சொன்னாள். தபால்காரருக்குச் சொன்னாள், அவர் வண்டியைத் தானே மறித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஓடினார். மறுபடி ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். கத்தினாள், கெஞ்சினாள். அனுப்புகிறோம் என்றார்கள்.

கை மறுபடி தாழ்ப்பாளுக்குப் போனது. உள்ளே போய் அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டால் போதும், அப்புறம் எது வந்தாலும் வரட்டும் என்று இருந்தது அவளுக்கு. அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. அதற்கே அவருக்கு எவ்வளவு பாடு என்று தெரிந்தது. கையை எடுத்துவிட்டாள்.

"தண்ணி இருக்கா உள்ள?"

"இருக்கு. ஊசி."

"சொல்லு."

"திட்டு."

"என்னது?"

"நீ வர்ற நாளுக்காக நான் காத்துக்கிட்டு இருப்பேன். என்ன வாய்டி உனக்கு! பொம்மையைத் திட்டறதா நினைச்சுக்கிட்டு என்னென்ன திட்டின! சிரிப்பு வரும். சிரிச்சா இருமல் வந்துடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு கெடப்பேன். அந்தத் தியாகின்னு சொன்ன பாரு, அன்னைக்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்." கண்ணை மூடிக்கொண்டார். "திட்டு. கேக்கறேன்."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தாள். செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"என் கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் மீசையைக் குறைச்சு வெட்டினவன்தானே நீ? போட்டோவுல பார்க்கறவங்க எல்லாம் இன்னைக்கு வரைக்கும் சிரிக்கறாங்க. பெரிய தொழில்காரன்! கேட்டா, கத்தி மொட்டைன்னு பொய் சொன்ன. அழுதுக்கிட்டே வெட்டினா மீசை எப்படிய்யா நேரா வரும்? எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச?"

"ம்" என்றார் அண்ணன். துணிக்குள் தோள் குலுங்கியது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

"அவரு போனப்ப என்னைக் கூட்டிட்டு வந்தியே, வழியெல்லாம் ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னியா? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? நேரா கொண்டு போய் மெஷின்ல உக்கார வச்சுட்டு, பலகைக்கு அந்தப் பக்கம் போய், 'சும்மா இருந்தா ஊசி துரு ஏறிடும்'னு கத்தின. எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா அன்னைக்கு! அந்த ஆத்திரத்துலதான் நான் எந்திரிச்சேன். இல்லன்னா எந்திரிச்சிருக்க மாட்டேன். இதை உன்கிட்ட நான் சொல்றதா இல்ல. இப்ப சொல்ல வச்சுட்ட, படுபாவி."

"ம்."

அவள் திட்டிக்கொண்டே போனாள். சின்ன வயசில் அவள் பங்கு மிட்டாயைத் தின்றுவிட்டு எறும்பு தூக்கிக்கொண்டு போனது என்று சொன்னதைத் திட்டினாள். மருமகளுக்குப் பயந்து பீடியை மியூசியத்தில் ஒளித்துவைத்ததைத் திட்டினாள். சொல்லாமல் வந்து செத்துப்போகப் பார்த்ததைத் திட்டினாள். வெளியே மேகம் இறங்கி நடைபாதை இருட்டிக்கொண்டு வந்தது. முன் ஜன்னலில் நின்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கண்ணாடியில் இப்போது அவள் மூச்சுதான் படர்ந்தது, அதைப் புறங்கையால் துடைத்துத் துடைத்துப் பேசினாள். ம் என்ற சத்தம் நடுநடுவே வந்தது. பிறகு கொஞ்சம் தள்ளித் தள்ளி வந்தது. பேச்சை நிறுத்தினால் கேட்டுவிடலாம், வருகிறதா இல்லையா என்று. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தப் பயமாக இருந்தது.

ஷட்டர் முழுசாகத் தூக்கப்படுகிற சத்தம் கேட்டது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடை மாட்டிய இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆவி படிந்த பிளாஸ்டிக். அவர்களுக்குப் பின்னால் வாசலில், தள்ளி, தபால்காரர் நின்றிருந்தார். வந்தவர்கள் இரண்டு பக்கமும் கண் மூடி நிற்கிறவர்களைப் பார்த்து நடை தயங்கினார்கள்.

"யாரும்மா கூடப் பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்றார் ஒருவர்.

"எங்கண்ணன்கிட்ட."

அவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். இருமும்போது எப்போதோ மாஸ்க் கீழே இறங்கியிருந்தது. நின்றவருக்கும் படுத்திருந்தவருக்கும் ஒரே முகம், லேசாகக் கோணின ஒரே மூக்கு. இரண்டு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். இரண்டு பேரும் அசையவில்லை.

"இதுல யாரும்மா ஆளு?"

ஊசியக்கா இரண்டு கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தாடி இருக்கறவரு" என்றாள்.

அவர்களில் ஒருவர் சின்னக் கதவைத் திறந்து உள்ளே போனார். அண்ணனின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். இடத்தை மாற்றி மறுபடி வைத்தார். பிறகு வெளியே நின்ற மற்றவரைப் பார்த்து, இல்லை என்று தலையை அசைத்தார். எந்தத் திட்டு வரைக்கும் அண்ணன் காதில் விழுந்தது என்று ஊசியக்காவுக்குத் தெரியவில்லை.

வெள்ளைத் துணியோடு சேர்த்து அவரைத் தூக்கினார்கள். "தள்ளி நில்லுங்கம்மா" என்றார்கள்.

"தள்ளித்தான் நிக்கறேன்" என்றாள்.